வீட்டிலேயே குழந்தைகள் காப்பகம்: கேள்வி பதில்

வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, நான் ஒருத்திதான் பார்த்துக்கொள்ளப் போகிறேன். எத்தனை குழந்தைகள் வரை சேர்க்கலாம்?

உரிமம் எப்போது தேவை, தனி ஆளுக்கு எத்தனை குழந்தைகள் என்பதற்கு இடத்துக்கு இடம் சட்டம் மாறும். உங்கள் சொந்தப் பிள்ளைகளும் அந்தக் கணக்கில் வருவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல பேர் இதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் சட்டம் அனுமதிப்பது உச்சவரம்பு. அதுவரை நிரப்பியே ஆக வேண்டும் என்றில்லை. நான் பார்ப்பது வேறு: சமையலறையில் தீப்பிடித்தால் எல்லோரையும் ஒரே நடையில் வெளியே கொண்டுபோக முடியுமா? நடக்காத குழந்தைகள் என்றால் இரண்டு கைக்கு இரண்டு பேர்தான். அதனால் கைக்குழந்தைகள் இரண்டுக்கு மேல் தனி ஆளுக்கு வேண்டாம் என்பேன். எல்லோரும் தூங்கும் மதிய நேரத்தைப் பார்த்து 'இன்னும் ரெண்டு பேரைச் சேர்க்கலாமே' என்று தோன்றும். ஒருவனுக்கு டயப்பர் மாற்றிக்கொண்டிருக்கும்போது இன்னொன்று பசியில் அலற, மூன்றாவது நாற்காலி மேல் ஏறி நிற்குமே, அந்த நேரத்தை வைத்து முடிவு பண்ணுங்கள்.

வீட்டை மாற்றியமைக்க நிறைய செலவாகுமா?

முதலில் செலவில்லாத வேலை. முட்டி போட்டு வீடு முழுக்க ஒருமுறை தவழ்ந்து பாருங்கள். தொங்கும் ஒயர், மேசை விளிம்பு, கட்டிலுக்கு அடியில் கிடக்கும் மாத்திரை எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். அலமாரியையும் டிவியையும் சுவரோடு பிணைத்துவிடுங்கள். இழுப்பறையைப் படியாக்கிக் குழந்தை ஏறினால் அலமாரி அப்படியே அதன் மேல் சாயும். ஜன்னல் திரைக் கயிற்றை எட்டாத உயரத்தில் கட்டுங்கள்.

வாளியில் தண்ணீர் மிச்சம் வைக்கவே கூடாது. சின்னக் குழந்தைக்குத் தலைதான் கனம். உள்ளே குனிந்து விழுந்தால் தானாக எழ முடியாது, சில சென்டிமீட்டர் தண்ணீரே போதும். சத்தமும் வராது. அப்புறம், ரிமோட்டிலும் பாட்டுப் பாடும் பொம்மையிலும் இருக்கும் பட்டன் பேட்டரி. விழுங்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடும். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே நேராக மருத்துவமனைக்குப் போங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

குப்புறப் படுத்தால்தான் தூங்குவான் என்கிறார் ஐந்து மாதக் குழந்தையின் அம்மா. என்ன செய்வது?

மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். ஒரு வயது வரை, ஒவ்வொரு தூக்கத்துக்கும். கெட்டியான சமமான மெத்தை போதும். தலையணை, போர்வை, பொம்மை எதுவும் அருகில் வேண்டாம். தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் நேரும் திடீர் மரணத்தின் அபாயம் மல்லாக்கப் படுக்க வைப்பதால் குறைகிறது. குழந்தை இரண்டு பக்கமும் தானாகப் புரளத் தொடங்கிய பிறகு, மல்லாக்கப் படுக்க வைத்தபின் அதுவாகத் திரும்பினால் விட்டுவிடலாம். அம்மா வருத்தப்பட்டாலும் இதில் வளைந்துகொடுக்காதீர்கள்.

தெரிந்தவர்களிடம் கட்டணம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

தெரிந்தவர்களிடம்தான் எழுதி வாங்க வேண்டும்! மாதத் தொடக்கத்திலேயே பணம். குழந்தை வராத நாளுக்கும் கட்டணம் உண்டு, ஏனென்றால் அந்த இடத்தை நீங்கள் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. தாமதமாக வந்தால் கூடுதல் தொகை, நீங்கள் விடுமுறை எடுக்கும் நாட்கள், நிறுத்துவதற்கு எத்தனை வாரம் முன்னால் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் தாளில் இருக்கட்டும். முதல் இரண்டு வாரத்தைப் பழகிப் பார்க்கும் காலம் என்று போட்டுக்கொள்ளுங்கள்.

காய்ச்சலோடு கொண்டுவந்து விட்டால்?

38 டிகிரி செல்சியஸ் தாண்டினால் வீட்டுக்கு. வாந்தி, பேதி என்றால் கடைசியாகப் போனதிலிருந்து 48 மணி நேரம் கழித்து வரட்டும். சிலர் காலையில் பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் கொண்டுவருவார்கள். அதன் பலன் நாலு முதல் ஆறு மணி நேரம்தான், மதியத்துக்குள் உடம்பு மறுபடி கொதிக்கும். வாசலிலேயே 'இன்று ஏதாவது மருந்து கொடுத்தீர்களா, எத்தனை மணிக்கு?' என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள். பெற்றோர் அளவும் நேரமும் எழுதிக் கையெழுத்துப் போடாமல் நீங்களாக எந்த மருந்தும் கொடுக்க வேண்டாம்.

வீட்டுக்கு ஏற்கெனவே காப்பீடு இருக்கிறது. அது போதாதா?

பெரும்பாலும் போதாது. வீட்டில் தொழில் நடப்பதைச் சாதாரண வீட்டுக் காப்பீடு ஏற்பதில்லை. தொழிலுக்கெனத் தனியாக எடுங்கள்.

என் மூன்று வயதுப் பெண் தன் பொம்மையை யாரும் தொட்டாலே அடிக்கிறாள்.

அவள் வீடு ஆயிற்றே, பாவம்! அவளுடைய கட்டிலும் ஒரு பெட்டிப் பொம்மைகளும் அவளுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிடுங்கள். காப்பகப் பொம்மைகள் வேறாக இருக்கட்டும்.

தாத்தா என்று சொல்லி ஒருவர் அழைத்துப்போக வந்தார். குழந்தையும் 'தாத்தா' என்று ஓடியது. அனுப்பலாமா?

சேர்க்கும்போது பெற்றோர் எழுதிக் கொடுத்த பட்டியலில் அவர் பெயர் இல்லையென்றால் அனுப்பக் கூடாது. அவருடைய போனிலேயே பேசி முடித்துவிடாமல், உங்கள் பதிவேட்டில் உள்ள எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். பெற்றோர் சம்மதித்தபின் அவருடைய அடையாள அட்டையையும் பாருங்கள். அதுவரை அவர் வாசலில் உட்கார்ந்திருக்கட்டும், குழந்தை உள்ளே உங்களோடு.