மெட்ஃபார்மினுடன் பெர்பெரினையும் சேர்த்து எடுக்கலாமா?

பிசிஓஎஸ் எனப்படும் சினைப்பைக் கோளாறுக்கு நீரிழிவு மருந்தான மெட்ஃபார்மின் எடுக்கும்போது பெர்பெரினையும் சேர்த்தால் பலன் இரட்டிப்பாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிக் கருத இடமில்லை. மரமஞ்சள் போன்ற தாவரங்களில் உள்ள பெர்பெரின், உயிரணுவின் ஆற்றல் இருப்பை உணரும் ஏஎம்பிகே என்னும் நொதியைத் தூண்டி, இன்சுலினுக்கு உடல் சரிவர இணங்காத நிலையான இன்சுலின் எதிர்ப்பைக் குறைக்கிறது. மெட்ஃபார்மினும் பெருமளவு அதே வழியைப் பற்றுவதால், இரண்டும் சேரும்போது பலனைவிடக் குமட்டலும் வயிற்றுப்போக்குமே கூடிவிடக்கூடும். மேலும், பல மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளைப் பெர்பெரின் தடுப்பதால், அம்மருந்துகளின் அளவு இரத்தத்தில் உயரலாம்.

வெவ்வேறு வழிகளில் இயங்குபவற்றை இணைப்பதே பொருளுடையது என்பது என் கருத்து. ஸ்பைரோனோலாக்டோன் என்னும் மருந்து ஆண் இயக்குநீரின் (ஹார்மோனின்) செயலைத் தடுத்து, பிசிஓஎஸ்ஸால் முகத்தில் முளைக்கும் முடியைக் குறைக்கிறது. ஆனால் உப்பையும் நீரையும் வெளியேற்றி இரத்த அழுத்தத்தைத் தாழ்த்துகிறது. அதிமதுரத்திலுள்ள கிளைசிரைசின் உப்பை உடலில் தக்கவைப்பதால் அந்தக் குறை ஈடாகலாம் என்பதைச் சிறிய அளவிலான ஆய்வு காட்டியிருக்கிறது. ஆயினும் அதிமதுரம் மிகுந்தால் இரத்த அழுத்தம் ஏறிப் பொட்டாசியம் குறையும் என்பதால், மருத்துவரின் கண்காணிப்பின்றி இதை முயலவே கூடாது.

கருத்தரிக்க விரும்புபவர்கள் ஸ்பைரோனோலாக்டோன், பெர்பெரின் இரண்டையும் மருத்துவரிடம் பேசி முன்னரே நிறுத்திவிட வேண்டும். சினைமுட்டை வெளிப்படுவதைத் தூண்ட லெட்ரோசோலையே முதல் மருந்தாக 2023-ஆம் ஆண்டின் பன்னாட்டு வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது.