22 பக்கக் கதையும் 12,000 ரூபாயும்: குறும்படம் எடுப்பவர்களுக்கான கேள்வி பதில்

கல்லூரி மாணவர்கள் குறும்படம் எடுப்பது பற்றிக் கேள்வி அனுப்பலாம் என்று சொல்லியிருந்தோம். வந்தவற்றில் ஐந்தை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொள்கிறேன். முதல் கேள்விக்குத்தான் நீளமான பதில், ஏனென்றால் பாதிப் பேர் வேறு வேறு வார்த்தைகளில் அதையே கேட்டிருக்கிறார்கள்.

விஸ்காம் மூன்றாம் ஆண்டு மாணவர், திருநெல்வேலி: அண்ணா, நாங்கள் ஏழு பேர். 12,000 ரூபாய் சேர்த்திருக்கிறோம். கதை 22 பக்கம். ஒரு கொலை, அதன் விசாரணை, நடுவில் ஒரு பஸ் காட்சி, கடைசியில் மழை. கதைச் சுருக்கமும் அனுப்பியிருக்கிறேன். மூன்று நாளைக்குக் கேமரா வாடகைக்கு எடுத்தால் பணம் முழுக்கப் போய்விடும். போனிலேயே எடுத்தால் நன்றாக வருமா?

வரும். போனிலேயே எடுங்கள். ஆனால் தம்பி, உங்களுக்குக் கேமரா பிரச்சினையே இல்லை, அந்த 22 பக்கம்தான் பிரச்சினை.

திரைக்கதையில் ஒரு பக்கம் என்பது ஏறக்குறைய ஒரு நிமிடம். சந்தேகமாக இருந்தால் கையில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு வசனத்தைச் சத்தமாக, நடுவில் வரும் மௌனத்தையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள். முதல் படம் எடுக்கும் குழு ஒரு நாளில் மூன்று, நான்கு பக்கம் ஒழுங்காக எடுத்தாலே பெரிய விஷயம். அப்படியென்றால் உங்கள் கதைக்கு ஆறு நாள் வேண்டும், உங்களிடம் இருப்பது மூன்று நாள். மூன்றாம் நாள் மாலை என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், வெளிச்சம் போய்க்கொண்டிருக்கும், நடிகருக்கு ஊருக்குப் போக வேண்டியிருக்கும், க்ளைமாக்ஸை ஒரே ஷாட்டில் அவசரமாக எடுத்துவிட்டு எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்பீர்கள். எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ள முடியாது.

மழைக்குத் தண்ணீர் லாரி வேண்டும். ஓடும் பஸ்ஸில் எடுக்க அனுமதி வேண்டும், அது கிடைத்தாலும் இரண்டு டேக்குக்கு நடுவில் ஜன்னலுக்கு வெளியே ஊரே மாறியிருக்கும். இவை இரண்டையும் எடுத்துவிடுங்கள்.

உங்கள் கதைச் சுருக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. விசாரிக்க வந்த போலீஸ்காரருக்கு, இறந்துபோன பையனின் அம்மா காபி போட்டுக் கொடுக்கிறார். நீங்கள் அதை அந்த ஒரு வரியிலேயே கடந்துவிட்டீர்கள், நான் அங்கேயே நின்றுவிட்டேன். மகன் செத்து மூன்று நாள் ஆகாத வீட்டில், வந்தவருக்குக் காபி கொடுக்காமல் அனுப்பக் கூடாது என்று ஒரு அம்மா எழுந்து போகிறார், போலீஸ்காரரோ கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்க முடியாமல் டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இதுதான் படம்! ஒரு வீடு, இரண்டு பேர், ஆறு நிமிடம். கொலையைக் காட்டவே வேண்டாம்.

கதை எழுதும் முன் ஒரு தாளில் உங்களிடம் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். யார் வீட்டில் இரண்டு நாள் விடுவார்கள், தெரிந்த டீக்கடைக்காரர் யார், தாமிரபரணிப் படித்துறையில் காலை எத்தனை மணி வரை கூட்டம் இருக்காது, யாருடைய பாட்டி கூச்சப்படாமல் பேசுவார். அந்தத் தாளிலிருந்து கதை வரட்டும். கதையை முதலில் எழுதிவிட்டு லொகேஷன் தேடி அலைகிற வசதி பணம் இருப்பவர்களுக்கு.

இனி 12,000 ரூபாய். நடிப்பவர்களையும் சேர்த்துப் பத்துப் பேருக்கு இரண்டு நாள், மூன்று வேளை என்றால் 60 சாப்பாடு, சராசரியாக 80 ரூபாய் வைத்தால் 4,800. இதில் கை வைக்காதீர்கள், பசியோடு நிற்கிற குழுவில் மதியத்துக்கு மேல் யாரும் யாரிடமும் நல்லபடியாகப் பேச மாட்டார்கள். சட்டையில் குத்துகிற சின்ன மைக் 2,000 ரூபாய்க்குள் வாங்கலாம். பெட்ரோல், டீ, தண்ணீர் கேன் போக ஒரு 3,000 ரூபாயைத் தனியாக ஒருவரிடம் கொடுத்து, கேட்டாலும் தராதே என்று சொல்லி வையுங்கள்.

போனில் கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். ஒரு நொடிக்கு 25 ஃப்ரேம் (தனித்தனிப் படம்), ஷட்டர் (ஒவ்வொரு ஃப்ரேமிலும் வெளிச்சம் விழும் நேரம்) 1/50 நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதோடு ஒத்துப்போகாத வேகத்தில் எடுத்தால் டியூப்லைட் வெளிச்சம் படத்தில் துடிக்கும், சிறிய திரையில் தெரியாது, ப்ரொஜெக்டரில் போட்டதும் தெரியும். ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிட்டு எடுங்கள், இல்லாவிட்டால் நடிகர் ஜன்னல் பக்கம் திரும்பும்போதெல்லாம் படம் தானாக இருட்டாகும். ஏரோபிளேன் மோட் மறக்க வேண்டாம். நல்ல டேக்கின் நடுவில்தான் யாராவது கூப்பிடுவார்கள்.

விளக்கு வாடகைக்கு எடுக்க வேண்டாம். காலை ஒன்பது வரை, மாலை மூன்றரைக்கு மேல் ஜன்னல் வெளிச்சம் போதும், எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை தெர்மோகோல் பிடித்தால் முகத்தின் இருட்டுப் பக்கம் தெளியும். உச்சி வெயிலில் எல்லோரும் சாப்பிட்டுத் தூங்குங்கள்.

பொறியியல் மாணவர், கோயம்புத்தூர்: எங்கள் முதல் படத்தைத் துறையில் திரையிட்டபோது வசனம் பாதி புரியவில்லை. அடுத்த படத்தை டப்பிங் செய்துவிடலாமா?

செய்யாதீர்கள். டப்பிங் என்பது தனித் தொழில். தேர்ந்தவர்கள் அதற்கென்று கட்டிய அறையில் செய்வது. புது நடிகர்கள் மைக் முன்னால் நின்றால் படப்பிடிப்பில் இருந்த உயிர் குரலில் வராது, நான் கேட்ட மாணவர் படங்களில் பெரும்பாலும் அப்படித்தான்.

என் கல்லூரிக் காலத்தில் நாங்கள் எடுத்த படம் ஒன்றில், அழுகிற காட்சி முழுக்கப் பக்கத்து வீட்டு கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. எடுக்கும்போது எங்கள் யாருக்கும் அது கேட்கவில்லை. காது பழகிவிடும், மைக் பழகாது. அந்தப் பெண் அவ்வளவு நன்றாக நடித்திருந்தாள், அந்தக் காட்சியை வெட்ட வேண்டியதாயிற்று, இன்றும் எனக்கு அது வருத்தம்தான். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கேட்பதற்கென்றே ஒருவர் இருக்க வேண்டும், "இன்னொரு டேக்" என்று சொல்லும் அதிகாரமும் அவருக்கு வேண்டும்.

ஃபேனை நிறுத்துங்கள். ஃபிரிட்ஜையும் நிறுத்துங்கள், உங்கள் பைக் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிட்டால் கிளம்பும்போது திரும்பப் போட மறக்க மாட்டீர்கள், வீட்டுக்கார அம்மாவின் பாலும் கெடாது. ஆடி மாதத்தில் தேதி குறித்தால் கோயில் ஒலிபெருக்கி எந்த நேரத்தில் ஓயும் என்று விசாரித்துவிட்டுக் குறியுங்கள். மைக் வாங்க முடியவில்லை என்றால் இன்னொரு போனில் ரெக்கார்டரை ஓடவிட்டு நடிகரின் சட்டைப் பையில் வையுங்கள், ஷாட் தொடங்கும்போது கேமரா முன்னால் ஒரு கைதட்டு. அந்தத் தட்டலை வைத்து எடிட்டிங்கில் படத்தையும் சத்தத்தையும் சேர்த்துவிடலாம். ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல், அசையாமல் அரை நிமிடம் வெறும் அறையின் சத்தத்தையும் பதிவு செய்யுங்கள், வசனங்களுக்கு நடுவில் ஒட்டுப்போட அது உதவும்.

ஊர் மட்டும் குறிப்பிட்ட வாசகர், மதுரை: கதை என்னுடையது. ஆனால் கேமரா வைத்திருக்கும் நண்பன், தான்தான் இயக்குநர் என்கிறான். என்ன செய்வது?

ஷூட்டிங்குக்கு முன்பே உட்கார்ந்து பேசுங்கள். டைட்டில் கார்டில் யார் பெயருக்கு முன்னால் என்ன வரும் என்று அன்றைக்கே ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். கறாராகத் தோன்றும், ஆனால் நட்பு பிழைக்கும். "ஆக்‌ஷன்", "கட்" சொல்வது ஒரே ஆள். மற்றவர்கள் யோசனையை அவர் காதில் சொல்ல வேண்டும், நடிகர் முன்னால் அல்ல. நான்கு பேர் நான்கு விதமாகச் சொன்னால் நடிப்பவர் யாரைப் பார்ப்பார்?

அப்புறம், எல்லோரும் இயக்குநர் நாற்காலியையே பார்ப்பதால் கண்டினியுட்டி, அதாவது ஒரு ஷாட்டில் இருந்தது அடுத்த ஷாட்டிலும் அப்படியே இருக்கிறதா என்று பார்க்க ஆளே இருப்பதில்லை. ஷாட் முடிந்ததும் ஒரு போட்டோ. எத்தனை பட்டன் போட்டிருந்தார், டம்ளரில் காபி எவ்வளவு இருந்தது, கடிகாரத்தில் மணி என்ன. இதைச் சரியாகச் செய்கிற ஒருவர் குழுவில் இருந்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

மாணவி, சேலம்: எனக்கு ஒளிப்பதிவு ஆசை. குழுவில் என்னை நடிக்கவோ மேக்கப் பார்க்கவோதான் சொல்கிறார்கள். வீட்டிலும் ஷூட்டிங் என்றால் யோசிக்கிறார்கள்.

பி.ஆர். விஜயலட்சுமி என்ற பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒளிப்பதிவாளர் அசோக்குமாரிடம் உதவியாளராக இருந்து, 1985இல் தமிழ்ப் படத்துக்குத் தனியாக ஒளிப்பதிவு செய்தவர். ஆசியாவின் முதல் பெண் ஒளிப்பதிவாளர் என்று அவரைச் சொல்வார்கள். நாற்பது வருடத்துக்கு முன்பே நடந்துவிட்டதை இப்போது உங்கள் குழு முடியாது என்று சொல்வதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது.

கேட்டுக்கொண்டிருக்காமல் எடுத்துக் காட்டுங்கள் அம்மா. உங்கள் வீட்டு ஜன்னலோரம் அம்மாவையோ பாட்டியையோ உட்காரவைத்து, காலை ஏழு, பகல் பன்னிரண்டு, மாலை ஐந்து என்று ஒரே ஷாட்டை மூன்று முறை எடுங்கள். அதைக் குழுவிடம் காட்டுங்கள். வீட்டுக்கு, எந்த நாள், எந்த இடம், யார் யார், எத்தனை மணிக்கு முடியும், யாருடைய போன் எண் என்று எழுதிய தாளைக் கொடுங்கள். இரவுக் காட்சி இல்லாத கதையாகத் தேர்ந்தெடுப்பது குழுவின் பொறுப்பு, உங்களுடையது மட்டுமல்ல.

வாசகர், தஞ்சாவூர்: பிடித்த பழைய சினிமாப் பாட்டை 30 நொடிக்குள் வைத்தால் காப்புரிமைச் சிக்கல் வராது என்கிறார்களே? படத்தை எங்கே அனுப்பலாம்?

அப்படி ஒரு 30 நொடி விதியே கிடையாது. பாட்டை எடுத்துவிடுங்கள், வகுப்பில் வீணையோ கீபோர்டோ வாசிக்கிறவர் இருந்தால் கேளுங்கள், இல்லாவிட்டால் இசை இல்லாமலே விடுங்கள்.

படத்தை அனுப்ப, அருகில் என்று எனக்குத் தோன்றுவது திருவனந்தபுரம். கேரள அரசின் சலச்சித்ர (திரைப்பட) அகாடமி 2008 முதல் ஆவணப்படங்களுக்கும் குறும்படங்களுக்கும் விழா நடத்துகிறது. மும்பையில் 1990இல் தொடங்கிய மும்பை சர்வதேசத் திரைப்பட விழாவும் (MIFF) ஆவணப்படங்களுக்கும் குறும்படங்களுக்கும் ஆனது, அது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும். யூடியூபில் ஏற்றும் முன் அனுப்ப நினைக்கும் விழாவின் விதிகளைப் படியுங்கள், ஏற்கெனவே வெளியான படத்தைச் சில விழாக்கள் எடுத்துக்கொள்வதில்லை. வெளியூருக்கு அனுப்புவதானால் ஆங்கில சப்டைட்டில் கட்டாயம். கடைசி இரவில் அதை அவசரமாக அடிக்காதீர்கள், படத்தைப் பார்க்காத ஒரு ஆங்கில ஆசிரியரிடம் கொடுத்து ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள்.