ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் இருட்டு

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 2010-இல் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப். ஜி41 மதர்போர்டு, 2 ஜிபி டிடிஆர்3 ரேம். மழைக்காலம் முழுக்க ஆன் செய்யவில்லை. இப்போது போட்டால் ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் இல்லை. பீப் சத்தமும் இல்லை. ‘போர்டு போச்சு’ என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?
– வாசகர், சீர்காழி

பதில்: அவசரப்படாதீர்கள். ஈரக்காற்றில் மாதக்கணக்கில் சும்மா கிடந்த பெட்டி படுத்துக்கொண்டால் முதல் சந்தேகம் ரேம் மீதுதான். அதன் தங்க நிறப் பற்களில் படலம் படிந்தால் ஸ்லாட்டோடு தொடர்பு விட்டுப்போகும். பீப் இல்லாததை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பல கேபினட்டுகளில் பீப் அடிக்கும் குட்டி ஸ்பீக்கரே இருக்காது. ஒன்று வாங்கி, போர்டில் ‘ஸ்பீக்கர்’ என்று போட்டிருக்கும் பின்களில் செருகுங்கள்.

பவர் கார்டைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். ரேமைக் கழற்றி, ரேம் இல்லாமலே ஆன் செய்யுங்கள். விடாமல் பீப் அடித்தால் நல்ல சகுனம்: போர்டும் புராசஸரும் உயிரோடு இருக்கின்றன, ரேமைத்தான் தேடுகின்றன. அப்போதும் மௌனம் என்றால்தான் மெக்கானிக் பேச்சை யோசிக்க வேண்டும்.

பீப் வந்ததா? மறுபடி கார்டைப் பிடுங்கிவிட்டு, பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரால் ரேமின் பற்களை இரு பக்கமும் மெதுவாகத் தேயுங்கள். பேனா மை அழிக்கும் சொரசொரப்பான ரப்பர் வேண்டாம், தங்கப் பூச்சையே உரித்துவிடும். ஸ்லாட்டை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள். வாயால் ஊதினால் எச்சில்தான் போய்ச் சேரும். ஓரக் கிளிப்புகள் ‘டக்’கென்று தாமாக விழும்வரை ரேமை அழுத்துங்கள். அந்த ஸ்லாட்டில் வரவில்லையென்றால் அடுத்ததில் போட்டுப் பாருங்கள்.

புது ரேமே வாங்க நேர்ந்தால் ஒரு எச்சரிக்கை. ஜி41 போர்டில் 4 ஜிபி ரேம் போடுவதானால் பக்கத்துக்கு 8 வீதம் 16 சிப் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். 8 சிப் உள்ளதைப் போட்டால் அந்த போர்டுக்குப் படிக்கத் தெரியாது. ‘ரேம் டெட்’ என்று கடைக்காரரிடம் வீணாகச் சண்டை போடுவீர்கள்.

கேள்வி: பட்டனை அழுத்தினால் ஃபேன்கூட அசையவில்லை. எஸ்.எம்.பி.எஸ். (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் டப்பா) போய்விட்டதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: முடியும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, 24 பின் கனெக்டரை போர்டிலிருந்து உருவுங்கள். அதில் பச்சை வயர் ஒன்றே ஒன்றுதான். அதையும் பக்கத்துக் கறுப்பையும் ஜெம் கிளிப்பால் இணைத்த பிறகு சுவிட்சைப் போடுங்கள். லோடு (மின்சாரம் எடுக்கும் கருவி) இல்லாமல் சில பழைய எஸ்.எம்.பி.எஸ். ஓடாது, பழைய ஹார்டு டிஸ்க் ஒன்றை மாட்டி வையுங்கள்.

ஃபேன் சுற்றுவதால் மட்டும் நல்லது என்று நம்பாதீர்கள். மல்டிமீட்டரின் கறுப்பு முனையைக் கறுப்பு வயரில் வைத்தால், மஞ்சளில் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வர வேண்டும். ஊதா வயரில் கிளிப் போடாமலே 5 வோல்ட் இருக்கும். ஊதாவே செத்திருந்தால் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் பயனில்லை.

எல்லாம் சரியா? கனெக்டரைத் திரும்ப மாட்டி, போர்டில் பவர் பட்டன் வயர் செருகியிருக்கும் இரு பின்களை ஸ்குரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொடுங்கள். ஓடினால் கோளாறு பட்டனில்தான். ரீசெட் பட்டனின் வயரை அங்கே மாற்றிச் செருகினால் செலவே இல்லை.

எஸ்.எம்.பி.எஸ். டப்பாவை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளிருக்கும் பெரிய கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல்கூடத் தங்கியிருக்கலாம்.

கேள்வி: ஆன் ஆகி, ஐந்து நிமிடத்தில் அணைந்துவிடுகிறது. உடனே போட்டால் அதைவிடச் சீக்கிரம் அணைகிறது.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: சூடுதான். இன்டெல் 775 சாக்கெட் போர்டுகளில் புராசஸர் ஃபேனை நான்கு பிளாஸ்டிக் பின்கள் பிடித்திருக்கும். வருடக்கணக்கில் சூடுபட்டு ஒன்று விட்டுப்போனாலும் ஃபேனுக்கு அடியில் சூட்டை உறிஞ்சும் உலோகத் துண்டான ஹீட்சிங்க் ஒரு மூலையில் தூக்கிக்கொள்ளும். ஆட்டிப் பாருங்கள். கழற்ற, பின்னின் தலையை அம்புக்குறி காட்டும் பக்கம் திருப்ப வேண்டும். புராசஸருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் காய்ந்த பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு, பச்சைப் பட்டாணி அளவு புது தெர்மல் பேஸ்ட் நடுவில் வைத்தால் போதும்.