சர்வீஸ் முடிந்து வந்த பைக்கின் முன் பிரேக்கில் சத்தம் வருகிறது. டீலர் "ஓட்டிக்கிட்டு வாங்க, டைட் பண்ணித் தர்றோம்" என்கிறார். போனால் போதுமா?

பெங்களூரில் டீலரின் சர்வீஸ் சென்டரில் ஃபோர்க் ஆயில் சீல் (முன் சஸ்பென்ஷன் குழாயில் ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) மாற்றியிருக்கிறீர்கள். அதன்பிறகு முன் பிரேக் பிடித்தால் டக்கென்று சத்தம், ஹேண்டில் லேசாக ஆட்டம். கேள்வி இதுதான் என்றால் என் பதில்: ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். அவர்கள் டைட் பண்ணுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

இதே வேலைக்குப் பிறகு எனக்கும் இதே சத்தம் வந்தது. ஓசூர் ரோட்டில் பொம்மனஹள்ளி தாண்டுவதற்குள் சத்தம் பலமாகிவிட, ஓரம் கட்டி அங்கிருந்த ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். திருவண்ணாமலைப் பக்கத்துப் பையன். குந்தி உட்கார்ந்து, பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரைப் பிடித்து ஆட்டிப் பார்த்தவன், "அண்ணே, ஒரு போல்ட்டே இல்லண்ணே. இன்னொண்ணு கையாலயே சுத்துது பாருங்க" என்றான். வீல் ரிம்மின் உள்பக்கம் காலிப்பர் உரசி ஒரு கோடு பளபளவென்று தெரிந்தது.

ஆயில் சீல் மாற்ற ஃபோர்க்கைக் கழற்ற வேண்டும். அதற்கு முன் சக்கரம், மட்கார்டு, காலிப்பர் எல்லாம் கழன்றாக வேண்டும். திரும்ப மாட்டும்போது காலிப்பர் போல்ட்டை டார்க் ரென்ச் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து, கம்பெனி சொன்ன அளவுக்கு முறுக்க வேண்டும். அவசரத்தில் கையால் திருகி விட்டுவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுகிறார்கள். பிரேக் பிடித்தால் பாரம் முன்னால் சாயும். முன் பிரேக்கின் விசையைத் தாங்குவது அந்த இரண்டு போல்ட்தான். ஒன்று விழுந்தால் காலிப்பர் மிச்சமிருக்கும் போல்ட்டைச் சுற்றித் திரும்பி சக்கரத்தில் மாட்டும். வேகத்தில் சக்கரம் பூட்டிக்கொண்டால் ஆள் ஹேண்டிலுக்கு மேலே பறப்பார்.

பையன் டப்பாவில் துழாவி ஒரு போல்ட் எடுத்தான். போட வேண்டாம் என்றேன். போட்டால் வண்டி ஓடும், ஆனால் நடந்ததற்கு ஆதாரம் போய்விடும். போல்ட் இருந்த துளையை போனில் கிட்டத்தில் வைத்துப் படம் எடுத்தேன். மரை சுத்தமாக இருந்தது. போல்ட் அறுந்திருந்தால் உடைந்த துண்டு உள்ளே நின்றிருக்கும். மரையைப் பிய்த்துக்கொண்டு வந்திருந்தால் துளை சிதைந்திருக்கும். இரண்டும் இல்லை என்றால் தானாகக் கழன்று விழுந்திருக்கிறது, அதாவது சரியாக முறுக்கவில்லை. சில வண்டிகளில் கம்பெனியிலேயே போல்ட் தலையில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டிருப்பார்கள். உங்கள் வண்டியில் அது கலைந்திருந்தால் அதையும் எடுத்து வையுங்கள். கையால் சுற்றும் போல்ட்டை வீடியோ எடுங்கள், ஓடோமீட்டரும் நம்பர் பிளேட்டும் அதே வீடியோவில் வரட்டும்.

அடுத்து வண்டியை ஏற்றிக்கொண்டு போங்கள். இன்சூரன்ஸில் ரோட்சைடு அசிஸ்டன்ஸ் (வழியில் நின்ற வண்டிக்கு உதவி) இருந்தால் அதைக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் ஒரு டாடா ஏஸ். வண்டி எங்கிருந்து எத்தனை மணிக்கு ஏற்றப்பட்டது என்பது அந்த ரசீதில் வந்துவிடும். காசு பார்க்காதீர்கள், பிறகு கேட்டு வாங்கலாம்.

சர்வீஸ் சென்டரில் முதல் வார்த்தை "ஏனூ ஆகல்லா சார்", அதாவது ஒன்றும் ஆகாது. என் கன்னடத்தைக் கேட்டுவிட்டு அட்வைசர் தமிழுக்கு மாறினார். புது ஜாப் கார்டில் (வண்டியில் என்ன வேலை என்று பதியும் சீட்டு) அவர் தட்டியது "ஃப்ரன்ட் நாய்ஸ் செக்". "முன் காலிப்பரில் ஒரு போல்ட் இல்லை, இன்னொன்று தளர்வு, வண்டி ஏற்றி வரப்பட்டது" என்று எழுதச் சொன்னேன். "சிஸ்டத்துல அந்த ஆப்ஷன் இல்ல சார்." ரிமார்க்ஸ் கட்டம் இல்லாத ஜாப் கார்டை நான் பார்த்ததில்லை. அந்த வரி ஏறும்வரை சாவியைக் கொடுக்கவில்லை. என்னைக் கேட்டால் மொத்தச் சண்டையிலும் உருப்படியான நேரம் அதுதான். மேனேஜரிடம் கத்துவதில் ஒன்றும் கிடைக்காது, ஏசி அறையில் உட்காரவைத்து காபி கொடுப்பார்கள்.

மேனேஜர் பழியைப் பெங்களூர் பள்ளத்தின் மேல் போட்டார். ஊரில் பள்ளம் உண்டுதான். ஆனால் அவர்கள் கழற்றி மாட்டிய இடத்து போல்ட் மட்டும் பள்ளத்தில் கழலுமா? உங்கள் பழைய பில்லில் சீல் மாற்றிய கூலி பெரும்பாலும் ஒரு வரியாக இருக்கும். அவர்கள் கை அந்த காலிப்பரில் பட்டதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். வண்டியைக் கழற்றி மாட்டும் இடத்தின் சிசிடிவி பதிவைப் பாதுகாக்கச் சொல்லி அன்றைக்கே மெயில் போடுங்கள். பழைய பதிவு தானாக அழிந்துவிடும்.

புகாரில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கோபத்தில் "வண்டியே டிஃபெக்ட், புது வண்டி வேண்டும்" என்று எழுதிவிடுவார்கள். உற்பத்திக் குறை என்று சொன்னால் அதை நிரூபிக்க நிபுணர் அறிக்கை வரை போக வேண்டியிருக்கும். உங்களுடையது சேவைக் குறைபாடு, அதை மட்டும் எழுதுங்கள். கம்பெனிக்கும் நகல் அனுப்புங்கள். டீலர் தனி வியாபாரி, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று பதில் வரலாம். ஆனாலும் கம்பெனி கேள்வி கேட்டால் டீலருக்கு வயிற்றைக் கலக்கும். "கம்பெனியில இருந்து போன் வரும் சார், பத்துக்குப் பத்து சொல்லிடுங்க" என்று சர்வீஸுக்கு மார்க் கேட்டு அவர்கள் கெஞ்சுவது சும்மா இல்லை. எனக்கு அந்த போன் வந்தபோது நடந்ததை நடந்தபடி சொன்னேன். அதன்பிறகுதான் ஏரியா சர்வீஸ் மேனேஜர் கூப்பிட்டார்.

அதற்கும் மசியவில்லை என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். கூடவே 15 நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு நோட்டீஸ். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். டீலர் எந்த மூலையில் இருந்தாலும் கவலையில்லை. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, 2 வருடம் வரை அவகாசம், வக்கீல் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி என்ற அரசு இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பிழைப்புக்காக டெலிவரி ஓட்டும் வண்டியாக இருந்தாலும் நீங்கள் நுகர்வோர்தான். மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம், நடப்பில் இழுக்கும். கீழே விழுந்து அடிபட்டிருந்தால் கதையே வேறு: ஆஸ்பத்திரியில் எம்.எல்.சி. (போலீஸுக்குத் தெரிவிக்கப்படும் மருத்துவச் சட்டப் பதிவு), போலீஸ் புகார், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

நான் ஆணையம்வரை போகவில்லை. நோட்டீஸுக்குப் பிறகு காலிப்பர், ரிம், போல்ட் எல்லாம் புதிதாக மாற்றி, வண்டி ஏற்றி வந்த செலவையும் கொடுத்தார்கள். மன உளைச்சலுக்கு என்று கேட்டது வரவில்லை. கடைசியில் ஒரு தாளை நீட்டினார்கள்: "நல்லெண்ண அடிப்படையில் செய்து தரப்பட்டது, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை." முதல் பாதியை அடித்துவிட்டு, "சர்வீஸில் விட்ட குறைக்காக" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேனேஜருக்கு முகம் சுண்டியது, ஆனால் வாங்கிக்கொண்டார்.

உங்கள் பில்லில் சீல் மாற்றியது தனி வரியாக இருக்கிறதா, இல்லை பொதுவாக "ஜெனரல் சர்வீஸ்" என்று முடித்துவிட்டார்களா? இரண்டாவது என்றால் வண்டியை அவர்களிடம் விடும் முன் வேறொரு முதலாளியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் காட்டி, என்ன நிலையில் இருக்கிறது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.