பைண்டிங் போதாதா?

கேள்வி: பிஎச்.டி. ஆய்வேட்டை பிடிஎஃப் ஆகவும் கேட்கிறார்களே, அட்டை போட்ட புத்தகம் போதாதா சார்?
(ஒரு மாணவி, திருச்சி)

பதில்: போதாதும்மா. 2009-ல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதி வந்ததிலிருந்து மின் பிரதியும் தர வேண்டும். அது பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் காந்திநகர் இன்ஃபிலிப்நெட் மையத்தின் 'சோத்கங்கா' என்ற ஆய்வேட்டுத் தளத்தில் ஏறும். அமெரிக்காவில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 1997-லேயே இதைக் கட்டாயமாக்கிவிட்டது.

என்னுடையது 1994-ல் தட்டச்சில் அடித்தது. ஐந்து பிரதி, கரும்பச்சை காலிகோ துணி பைண்டிங், முதுகில் பொன்னெழுத்து. பத்து வருஷம் கழித்து நூலகத்தில் தேடிப் போனால், மூன்றாம் இயலைக் கரையான் படித்து முடித்திருந்தது! வேறு யாரும் தொட்ட அடையாளம் இல்லை.

தமிழில் எழுதுகிறீர்கள் என்றால் யூனிகோடிலேயே (எல்லாக் கணினியும் ஒரே மாதிரி படிக்கும் எழுத்துக் குறியீடு) அடியுங்கள். பழைய எழுத்துருவில் அடித்த பிடிஎஃப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். தேடினால் ஒரு சொல் சிக்காது. நகலெடுத்து ஒட்டினால் ஜாங்கிரி பிழிந்த மாதிரி வரும்.