பேகனும் கோவலனும்: ஊருக்குக் காட்டிய அருள்

மயிலுக்குப் போர்வை தந்த பேகனையும் சிலப்பதிகாரத்துக் கோவலனையும் அறத்தின் பக்கம் நின்று ஒப்பிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக ஒப்பிடலாம். இருவர் மனைவிக்கும் கண்ணகி என்றே பெயர். இருவருமே மனைவியைத் தனியே விட்டுப் போனவர்கள்.

பேகன் எங்கள் பழனி மலைநாட்டு ஆவியர் குடியின் தலைவன். புறநானூற்றில் 143 முதல் 147 வரை ஐந்து பாட்டில் நான்கு புலவர்கள் அவனிடம் அவன் மனைவிக்காகப் பேசுகிறார்கள். 145-இல் பரணர், ‘பசித்தும் வாரேம்’, பசித்து வரவில்லை என்கிறார். இன்றிரவே தேரேறிப் போய் அவள் துயரைத் தீர்ப்பதுதான் அவர் கேட்கும் பரிசில்! 147-இல் அவள் தனியாக மழைத்துளியின் ஓசையைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கூந்தல் எண்ணெய் கண்டு நாளாகிறது. கொடைக்கானலில் ஐப்பசி மழை தகரக் கூரையில் விடாமல் கொட்டும் இரவில் இந்தப் பாட்டைப் படித்துப் பாருங்கள், அந்தத் தனிமை நெஞ்சை அடைக்கும்.

கோவலனும் கல்நெஞ்சன் இல்லை. மதயானையிடமிருந்து முதிய அந்தணரை மீட்டவன். பொய்சாட்சி சொன்னதற்காகப் பூதத்திடம் சிக்கிய ஒருவனுக்காக அந்தப் பூதத்திடம் தன் உயிரையே தர முன்வந்தவன். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் இதையெல்லாம் சொல்லும் மாடலன் என்ற அந்தணன், அவன் துன்பத்துக்குப் பழவினையைத்தான் காரணம் காட்டுகிறான். பேகனுக்குக் கிடைத்த இடித்துரை கோவலனுக்குக் கிடைக்கவில்லை. எனக்கு இதுதான் பெரிய வேறுபாடாகப் படுகிறது.

கொலைக்களக் காதையில் அவனே உணர்ந்து, ‘சிறுமுதுக் குறைவிக்குச் சிறுமையும் செய்தேன்’, இளவயதிலேயே பேரறிவு கொண்டவளுக்குத் துன்பம் செய்துவிட்டேன் என்கிறான். ‘போற்றா ஒழுக்கம் புரிந்தீர்’, பிறர் போற்றாத நடத்தையை மேற்கொண்டீர்கள் என்று கண்ணகி ஒரே வரியில் சொல்லிவிடுகிறாள். அதன்பின் அவன் சிலம்போடு கடைத்தெருவுக்குக் கிளம்புகிறான்.