அணைத்தாலும் மினுங்கும் விளக்கு

கேள்வி: மன்னார்குடியில் தாத்தா 1961இல் கட்டிய ஓட்டு வீடு எங்களுடையது. தேக்குச் சட்டத்தின் மேல் ஒயர் ஓடுகிறது; சுவிட்சுகள் கறுப்பு உருண்டை வகை. குண்டு பல்புகளைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. போட்டேன். கூடத்து விளக்கு அணைத்த பிறகும் மின்மினிபோல மினுங்குகிறது. பல்புதான் பழுது என்றார் கடைக்காரர். இரண்டு முறை மாற்றியும் அதே கதை. - ஒரு வாசகி

பதில்: பல்பு பாவம், அதை விட்டுவிடுங்கள் அம்மா. முப்பத்தைந்து வருடம் ஒயர்மேனாக அலைந்தவன் நான். என் முதல் சந்தேகம், உங்கள் சுவிட்ச் நியூட்ரலில், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் ஒயரில், உட்கார்ந்திருக்கிறது என்பதே. சுவிட்ச் வெட்ட வேண்டியது மின்சாரம் வரும் பேஸ் ஒயரை. அக்காலத்தில் பல வீடுகளில் இரண்டு ஒயருமே கறுப்பு. எது எதில் முடுக்கப்பட்டதோ! நியூட்ரலை வெட்டினாலும் விளக்கு அணையும். ஆனால் ஹோல்டர் வரை 230 வோல்ட் வந்து நிற்கும். அங்கிருந்து சுவரின் ஈரத்தில் கசியும் துளி மின்சாரம் 40 வாட் குண்டு பல்புக்கு உறைக்காது; எல்.இ.டி.க்கு அதுவே போதும்.

கூடத்தில் மட்டும்தானா, எல்லா அறைகளிலுமா என்று பாருங்கள். ஓர் அறை என்றால் அந்த சுவிட்சோடு வேலை முடிந்தது. வீடு முழுக்க என்றால் மெயினிலேயே பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கிறது. 2018 கஜா புயலுக்குப் பிறகு உங்கள் பக்கத்திலேயே ஒரு வீட்டில் இதைப் பார்த்தேன். சர்வீஸ் ஒயரை மறுபடி கட்டியவர் மாற்றிக் கொடுத்திருந்தார். அதோடு பழைய பலகைகளில் நியூட்ரலுக்கும் ஒரு ஃபியூஸ் கட்டை இருக்கும். 1956 மின்சார விதிகளே கூடாது என்றவை, இன்றும் தொங்குகின்றன! அது போனால் வீடு இருண்டுவிடும், ஒயரில் மட்டும் உயிர் இருக்கும்.

சுவிட்ச் சரியாக இருந்து, இரண்டு ஒயரும் நெடுந்தூரம் ஒட்டி ஓடினாலும் மினுங்குவதுண்டு. அதனால் ஆபத்தில்லை. அங்கே டெஸ்டரும் ஏமாற்றும். டெஸ்ட் லாம்ப் (ஒயர் இணைத்த சோதனை பல்பு) வைத்திருக்கும் உரிமம் பெற்ற ஒயர்மேனைக் கூப்பிடுங்கள்.

நீங்களாக சுவிட்ச் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே ரப்பர் உறை அப்பளமாக நொறுங்கும். நொறுங்கினால் ஒட்டுப் போடாமல் புது ஒயர் இழுத்து, மின்சாரம் கசிந்தால் தானே வெட்டிவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடச் சொல்லுங்கள். அதுவரை பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறுமுன் மெயினை அணையுங்கள்.

பழுதென்று கழற்றிய எல்.இ.டி. பல்புகளை எறிந்துவிடவில்லையே? அவை நன்றாகத்தான் இருக்கும்.